ஸ்பார்க்கி, ஸ்க்ராப்ஸ், ஸீரோ: மூன்றும் ஒரே நாயா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒக்டோபர் பிறந்தால் கொழும்பில் பின்னேரங்களில் இடியும் மின்னலும் தொடங்கிவிடும். இரண்டு பருவமழைகளுக்கும் இடையில் வருகிற மழை அது. அந்த நாட்களில் வெள்ளவத்தையில் அக்காவின் ஃபிளாட்டில் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் டிம் பேர்ட்டனின் பொம்மைப் பேய்ப்படங்களைப் பார்ப்பது எங்கள் வழக்கம். படம் முடிந்த பிறகுதான் உண்மையான கதையே தொடங்கும். இந்தப் படங்கள் எல்லாம் ஒரே கதையின் துண்டுகள் என்று ரசிகர்களிடையே ஓர் ஊகம் பல வருடங்களாக உலவுகிறது. பிள்ளைகள், நண்பர்கள், அக்காவின் மாமியார் வரை என்னிடம் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். படங்களின் முடிவுகளும் பதில்களில் வரும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

அந்த ஊகம் என்னதான் சொல்கிறது?

மூன்று படங்கள். 1993 இல் வந்த 'த நைட்மெயார் பிஃபோர் கிறிஸ்மஸ்', 2005 இல் வந்த 'கோர்ப்ஸ் பிரைட்', 2012 இல் வந்த 'ஃபிராங்கன்வீனி'. மூன்றிலும் குச்சி போன்ற கைகால்களோடு ஒருவன் இருக்கிறான். மூன்றிலும் செத்தும் அவனை விட்டுப் போகாத ஒரு நாய் இருக்கிறது.

'ஃபிராங்கன்வீனி'யில் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்ற சின்னப் பெடியன். பந்தைத் துரத்திப் போன அவனுடைய நாய் ஸ்பார்க்கி காரில் அடிபட்டுச் சாகிறது. அவன் அதைத் தோண்டி எடுத்து, தைத்து, மின்னலைப் பாய்ச்சி எழுப்புகிறான். 'கோர்ப்ஸ் பிரைட்'டில் விக்டர் வான் டோர்ட் என்ற இளைஞன். கல்யாண ஒத்திகையில் உறுதிமொழியைத் தப்பும் தவறுமாகச் சொன்னவன், காட்டுக்குள் தனியே அதைச் சொல்லிப் பழகுகிறான். மரக்கிளை என்று நினைத்து அவன் மோதிரத்தை மாட்டியது செத்துப்போன எமிலியின் விரலில். அவள் அவனைக் கணவனாக்கிக்கொண்டு இறந்தவர்களின் உலகத்துக்குக் கூட்டிப் போகிறாள். சிறு வயதில் அவன் வளர்த்த ஸ்க்ராப்ஸ் என்ற நாய் அங்கே எலும்புக்கூடாக அவனிடம் வருகிறது. 'நைட்மெயார்' படத்தில் பண்டிகைக்கு ஒரு பட்டணம். பேய்ப் பண்டிகையான ஹலோவீனின் பட்டணத்துக்கு ராஜா ஜாக் ஸ்கெலிங்டன், ஓர் எலும்பு மனிதன். அவனோடு மிதந்து திரிவது ஸீரோ என்ற ஆவி நாய்.

ஊகம் இவற்றை ஒரே கோட்டில் வைக்கிறது. சிறுவன் விக்டர் வளர்ந்து மாப்பிள்ளை விக்டர் ஆகிறான், செத்த பிறகு ஜாக் ஆகிறான். நாயும் கூடவே வருகிறது.

ஆதாரமாக எதைக் காட்டுகிறார்கள்?

பெயர் ஒன்று. இரண்டு பேருக்கும் விக்டர். ஆனால் இது பலவீனமான ஆதாரம். நாயை எழுப்புகிற பெடியனுக்கு அந்தப் பெயர் மேரி ஷெல்லியின் 1818 ஆம் ஆண்டு நாவலில் இருந்து வந்தது. கதையே அந்த நாவலின் மறுவடிவம்தானே. மற்ற விக்டருக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் பெயர் விக்டோரியா. அது ஜோடிப் பொருத்தத்துக்கு வைத்தது போலத்தான் தெரிகிறது.

என்னைக் கவர்ந்தது நாயின் வரிசை. ஸ்பார்க்கிக்குத் தசையும் தோலும் இருக்கின்றன, தையலால் பிடித்து வைத்தபடி. வாலை ஆட்டினால் வால் கழன்று விழும். ஸ்க்ராப்ஸில் தோல் போய்விட்டது, எலும்பு மட்டும். ஸீரோவில் எலும்பும் இல்லை. வெள்ளைத் துணி போல ஓர் உடம்பு, நுனியில் பூசணி விளக்குப் போல ஒளிரும் மூக்கு. தசை, எலும்பு, ஆவி. யாரோ திட்டம் போட்டு ஒவ்வொரு படியாகக் கழற்றிக்கொண்டு போனது போல இருக்கிறது. இந்த ஊகத்தை முதன்முதலில் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்போதும் அந்த இடத்தை யாருக்காவது சொல்லும்போது குரல் கொஞ்சம் மாறிவிடும்.

அப்புறம், ஜாக் தன் பாட்டில் தான் செத்தவன் என்கிறான், அதனால்தான் தலையைக் கழற்ற முடிகிறதாம். செத்தவன் என்றால் ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவன்தானே என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

காலக்கணக்கு சரியாக வருகிறதா?

வரவில்லை. 'ஃபிராங்கன்வீனி' நடக்கும் நியூ ஹொலண்ட் கார்களும் வீட்டு சினிமா புரொஜெக்டரும் உள்ள இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க ஊர். 'கோர்ப்ஸ் பிரைட்' குதிரை வண்டிக் காலம், விக்டோரியா மகாராணியின் காலத்து ஐரோப்பா. கார் ஓடும் ஊரில் பிறந்தவன் வளர்ந்து குதிரை வண்டியில் மாப்பிள்ளையாகப் போக முடியாது.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்றை என் மருமகன் பத்து வயதில் கண்டுபிடித்தான். "மாமா, ஜாக்குக்குக் கிறிஸ்மஸ் எண்டால் என்னெண்டே தெரியாதே?" என்றான். ஜாக் கிறிஸ்மஸ் பட்டணத்துக்குள் விழுந்ததும் பனியையும் விளக்குகளையும் பார்த்து இது என்ன, இது என்ன என்று பாடிக்கொண்டு ஓடுகிறான். படத்தின் உயிரே அந்த வியப்பில்தான் இருக்கிறது. பாதிரியாருக்கு முன்னால் கல்யாண ஒத்திகை பார்த்த வான் டோர்ட் வீட்டுப் பிள்ளைக்குக் கிறிஸ்மஸ் தெரியாமல் இருக்குமா? இதற்குத் திருப்தியான பதில் சொன்ன யாரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

மறுபிறவி என்று வைத்துக்கொண்டால்?

இதை எங்கள் வீட்டில் முதலில் சொன்னது அக்காவின் மாமியார். "போன பிறவி நினைவிருக்குமோ, மறந்துதானே போகும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நம்மவர்களுக்கு இந்த வழி சட்டென்று தோன்றுவது இயல்புதான். ஆனால் மறுபிறவி என்றால் மறுபடி பிறக்க வேண்டும். ஜாக் பிறக்கவில்லை, செத்த நிலையிலேயே இருக்கிறான். காலம் பின்னோக்கிப் போகிற சிக்கலும் அப்படியே நிற்கிறது.

மாமி சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஸ்க்ராப்ஸ் வரும் காட்சியை வடிவாகப் பாருங்கள். எமிலி கல்யாணப் பரிசாக ஒரு பெட்டியைக் கொடுக்கிறாள். விக்டர் திறந்து பார்த்தால் உள்ளே வெறும் எலும்புகள். முகம் சுருங்குகிறது. கீழே கொட்டிய எலும்புகள் தாமாகவே உருண்டு, ஒன்றோடொன்று பொருந்தி, நாயாகி, வாலை ஆட்டுகின்றன. விக்டர் ஒரு நொடி அப்படியே நிற்கிறான், பிறகு பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். அந்தப் படத்தில் அவன் முழு மனதோடு சிரிப்பதை நாம் பார்க்கும் இடம் அது.

அதைப் பார்த்ததும் மாமி "இது பூம்பாவை கதை" என்றார். சைவசமயப் பாடத்தில் நாங்கள் எல்லோரும் படித்ததுதான். பாம்பு கடித்து இறந்த மகளின் எலும்பையும் சாம்பலையும் குடத்தில் வைத்திருந்தார் மயிலாப்பூர்ச் சிவநேசச் செட்டியார். திருஞானசம்பந்தர் பாட, குடத்திலிருந்து அவள் எழுந்து வந்தாள். அந்தப் பதிகத்தில் ஒவ்வொரு பாட்டும் ஒரு திருவிழாவைச் சொல்லி, அதைக் காணாமல் போகிறாயோ பூம்பாவாய் என்று கேட்கும். கார்த்திகை விளக்கு, திருவாதிரை, தைப்பூசம் என்று வரிசையாக வரும். பண்டிகையின் பெயரைச் சொல்லி ஓர் உயிரைத் திரும்ப அழைப்பது! பண்டிகைக்கு ஒரு பட்டணம் வைத்துப் படம் எடுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் இழந்ததை எலும்பிலிருந்தாவது திரும்பப் பெற வேண்டும் என்ற ஏக்கம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்று அன்றைக்கு விளங்கியது.

மூன்று படங்களையும் இயக்கியவர் ஒருவர்தானா?

இல்லை. இதைப் பலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 'நைட்மெயார்' படத்தை இயக்கியவர் ஹென்றி செலிக். 1982 இல் டிஸ்னியில் வேலை செய்த காலத்தில் பேர்ட்டன் எழுதிய ஒரு கவிதைதான் அதன் மூலம். கதையும் பாத்திரங்களும் அவருடையவை, தயாரிப்பாளர்களில் அவரும் ஒருவர். படம் எடுத்த காலத்தில் அவர் பேட்மன் தொடரின் இரண்டாவது படத்தில் மூழ்கியிருந்தார். சான் பிரான்சிஸ்கோவில் சுமார் மூன்று வருடங்கள் பொம்மைகளோடு இருந்தவர் செலிக். அவர் பெயரை விட்டுவிட்டுப் பேசுவது எனக்கு மனதுக்குச் சரியாகப் படுவதில்லை.

'கோர்ப்ஸ் பிரைட்'டை பேர்ட்டனும் மைக் ஜோன்சனும் சேர்ந்து இயக்கினார்கள். 'ஃபிராங்கன்வீனி' மட்டும்தான் பேர்ட்டன் தனியாக இயக்கியது. இன்னொன்று: நடுவில் உள்ள படம் வோர்னர் பிரதர்ஸுடையது, மற்ற இரண்டும் டிஸ்னியுடையவை. இரண்டு கம்பனிகளுக்கும் குறுக்கே ஒரே பாத்திரத்தின் வாழ்க்கையை யாரும் வெளிப்படையாகத் திட்டமிட்டிருக்க முடியாது.

'கொரலைன்' இந்த வரிசையில் சேராதா?

சேராது. 2009 இல் வந்த அந்தப் படமும் செலிக்குடையது. கதை நீல் கெய்மனின் நாவல். பேர்ட்டனுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

பிறகு ஏன் எல்லாப் பொம்மைகளும் அண்ணன் தம்பி போல இருக்கின்றன?

முதல் காரணம், பேர்ட்டனின் கை. அவர் கிறுக்கும் மனிதர்கள் எல்லோருக்கும் பெரிய தலை, குழி விழுந்த பெரிய கண், நூல் போன்ற கால். ஒருவருடைய கையெழுத்து எந்தக் கடிதத்திலும் ஒரே மாதிரித்தானே இருக்கும்.

இரண்டாவது காரணம் வேலையின் தன்மை. ஸ்டொப் மோஷன் என்றால் பொம்மையை மயிரிழை அளவு நகர்த்தி, ஒரு படம் எடுத்து, மறுபடி நகர்த்தி, மறுபடி எடுப்பது. திரையில் ஒரு நொடி ஓட 24 படங்கள் வேண்டும். முகபாவத்தைத் தூரத்திலிருந்தே காட்ட வேண்டும் என்றால் முகம் பெரிதாக, தெளிவாக இருப்பது உதவும். ஜாக்கின் உணர்ச்சிகளைக் காட்ட 400க்கும் மேற்பட்ட தலைகள் செய்து, தேவைக்கேற்ப மாற்றி மாற்றிப் பொருத்தினார்கள். 'கோர்ப்ஸ் பிரைட்'டில் முறை வேறு. தலைக்குள்ளேயே சின்னப் பற்சக்கரங்களை வைத்து, சாவி போட்டுத் திருப்பினால் உதடும் கன்னமும் அசையும்படி செய்தார்கள். அந்தப் படத்தை ஃபிலிம் சுருளில் எடுக்கவில்லை, டிஜிட்டல் ஸ்டில் கமராவில் எடுத்தார்கள். 2005 இல் அது புதிய விஷயம்.

இந்த வேலை எவ்வளவு கஷ்டம் என்று போன வருடம்தான் கையால் தெரிந்துகொண்டேன். மருமகன் பிளாஸ்டிசின் களியில் ஒரு நாய் செய்து, யன்னலோர மேசையில் வைத்து, என் போனில் படம் எடுக்கத் தொடங்கினான். நாய் நாலு அடி நடக்க வேண்டும், அவ்வளவுதான். வீடு மரைன் டிரைவுக்குப் பக்கம். கடலோரத்தில் ரயில் போகும்போதெல்லாம் மேசை அதிரும். நாயின் ஒரு கால் மெல்லச் சரியும். நாங்கள் அதைத் தூக்கி நிறுத்தினால் பழைய இடத்தில் சரியாக நிற்காது. கடைசியில் ரயில் நேரம் பார்த்து எடுக்க வேண்டியதாயிற்று. வெயிலும் முகிலும் மாறி மாறி வர, ஒரு படத்தில் நாய் மஞ்சளாகவும் அடுத்ததில் சாம்பலாகவும் இருந்தது. யன்னலைப் போர்வையால் மூடி, மேசை விளக்கைப் போட்டோம். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பின் தொடங்கி இருட்டும்வரை எடுத்தது ஐந்து நொடி. நொடிக்கு 12 படம் என்ற கணக்கில் அறுபது படம். ஓட்டிப் பார்த்தபோது நாய் நடந்தது. மருமகன் ஒன்றும் பேசவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அப்படியானால் அந்த நாய் எங்கிருந்து வருகிறது?

இதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

பேர்ட்டன் கலிபோர்னியாவின் பர்பாங்கில் வளர்ந்தவர். சின்ன வயதில் பெப்பே என்று ஒரு நாய் வளர்த்தார். அதற்கு நோய் இருந்தது, நீண்ட காலம் இருக்காது என்று சொல்லப்பட்ட நாய். 'ஃபிராங்கன்வீனி' அந்த நாயிடமிருந்து வந்தது என்று அவரே பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். 2012 இல் வந்தது அதன் இரண்டாவது வடிவம். 1984 இலேயே உண்மையான நடிகர்களை வைத்து அரை மணி நேரக் குறும்படமாக அதை எடுத்திருந்தார். பிள்ளைகளுக்கு ஆகாது என்று நினைத்து டிஸ்னி அதை ஒதுக்கி வைத்தது.

அதற்கும் முன்னால், 1982 இல் 'வின்சன்ட்' என்று ஆறு நிமிடக் கறுப்பு வெள்ளைப் பொம்மைப் படம். ஏழு வயதுப் பெடியன் ஒருவன் தன் நாய் அபர்க்ரொம்பியைப் பேயாக்கப் பரிசோதனை செய்வதாகக் கற்பனை பண்ணுகிறான். ஆக, எண்ணிப் பார்த்தால் நாய்கள் மூன்றல்ல, நான்கு.

ஆகவே என் எண்ணம் இதுதான். மூன்று படங்களிலும் இருப்பது ஒரே நாய் என்று ரசிகர்கள் உணர்ந்தது சரி. அதற்காக நியூ ஹொலண்டிலிருந்து ஹலோவீன் பட்டணம் வரை பாதை போடத் தேவையில்லை. அந்த நாய் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு நடந்து போகவில்லை. ஒவ்வொரு முறையும் பர்பாங்கில் இருந்த அதே வீட்டு முற்றத்திலிருந்துதான் புறப்பட்டு வருகிறது. 'ஃபிராங்கன்வீனி'யின் தொடக்கத்தைப் பாருங்கள். சிறுவன் விக்டர் ஸ்பார்க்கியைக் கதாநாயகனாக வைத்துத் தானே எடுத்த பொம்மைப் படத்தைத் தாய் தகப்பனுக்குப் போட்டுக் காட்டுகிறான். பேர்ட்டன் தன்னையே அதில் வைத்திருக்கிறார் என்றுதான் நான் படிக்கிறேன்.

மகாபாரதத்தில் தருமருக்குப் பின்னால் கடைசிவரை போனதும் ஒரு நாய்தான். தம்பிமாரும் பாஞ்சாலியும் வழியில் விழுந்த பிறகும் அது வந்தது. நாயை விட்டுவிட்டு வந்தால்தான் சொர்க்கம் என்றதும் அவர் ஏற மறுத்தார். சாவுக்கு அப்பால் கூட வருவதற்கு நாயைத் தெரிவு செய்த கதைசொல்லிகள் வெவ்வேறு காலத்திலும் வெவ்வேறு தேசத்திலும் இருந்திருக்கிறார்கள்.

எமிலிதான் பிறகு ஸாலி ஆனாள் என்கிறார்களே?

'நைட்மெயார்' படத்தில் டொக்டர் ஃபிங்கல்ஸ்டைன் தைத்து உருவாக்கிய கந்தல் பொம்மைப் பெண்தான் ஸாலி. நீல நிறத் தோல், கழன்று விழும் கை, நிறைவேறாத ஆசை எல்லாம் இரண்டு பேருக்கும் பொது. அதனால் அப்படிச் சொல்கிறார்கள். எனக்கு இந்த ஊகம் பிடிக்காது. 'கோர்ப்ஸ் பிரைட்'டின் முடிவில் எமிலி விக்டரை விட்டுக்கொடுத்து, மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்து, நிலவொளியில் நூற்றுக்கணக்கான வண்ணத்துப்பூச்சிகளாகக் கலைந்து போகிறாள். கொலை செய்யப்பட்டு, காட்டு மண்ணில் காத்துக் கிடந்தவளுக்குக் கிடைத்த விடுதலை அது. அவளைத் திரும்பப் பிடித்து, இலைகளை அடைத்துத் தைத்த ஓர் உடம்புக்குள் போட்டு, டொக்டர் ஃபிங்கல்ஸ்டைன் வீட்டில் பூட்டி வைப்பது அவளுக்குச் செய்யும் அநியாயம்.

அந்தப் பிணமணப்பெண் கதை எங்கே கிடைத்தது?

பழைய யூத நாட்டார் கதை. அதைப் பேர்ட்டனிடம் கொண்டுவந்தவர் கதைக் கலைஞர் ஜோ ரான்ஃப்ட். படம் வெளிவருவதற்குச் சில வாரங்களுக்கு முன் அவர் விபத்தில் இறந்துபோனார். படம் அவருக்குக் காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது.

வேண்டுமென்றே வைத்த தொடர்புகள் எதுவும் இல்லையா?

இருக்கின்றன, ஆனால் அவை பாசத்தோடு வைத்த சின்னச் சின்ன அடையாளங்கள். 1988 இல் வந்த 'பீட்டில்ஜூஸ்' படத்தின் கடைசியில் அந்தப் பெயருள்ள பேயின் தலையில் ஒரு குடைராட்டினம் வரும். அதன் உச்சியில் ஜாக்கின் தலை போன்ற ஒன்று இருக்கிறது, ஜாக்கின் படத்துக்கு ஐந்து வருடங்களுக்கு முன்பே. செலிக்கின் 1996 ஆம் ஆண்டுப் படமான 'ஜேம்ஸ் அன்ட் த ஜயன்ட் பீச்'சில் கடலுக்கடியில் மூழ்கிய கப்பலின் எலும்புக்கூட்டுத் தலைவனாக ஜாக்கின் முகமே வருகிறது. பிள்ளைகளோடு பார்க்கும்போது யார் முதலில் கண்டுபிடிப்பது என்று போட்டி வையுங்கள்.

இசையையும் மறக்கக் கூடாது. மூன்று படங்களுக்கும் டனி எல்ஃப்மன்தான். ஜாக் பாடும் குரலும் அவருடையது, 'கோர்ப்ஸ் பிரைட்'டில் எமிலியின் கதையைப் பாடிச் சொல்லும் எலும்புக்கூட்டின் குரலும் அவருடையது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே ஊர்க்காரர் போலத்தான் இருக்கும். ஊகம் வளர்ந்ததில் இந்தக் குரலுக்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன்.

எந்த வரிசையில் பார்ப்பது? சின்னப் பிள்ளைகள் பயப்படுவார்களா?

ஊகத்தின் வரிசையில் ஒருமுறை பாருங்கள்: 'ஃபிராங்கன்வீனி', 'கோர்ப்ஸ் பிரைட்', 'நைட்மெயார்'. அது உண்மை என்பதற்காக இல்லை. கறுப்பு வெள்ளையில் தொடங்கி, செத்தவர்களின் உலகம்தான் உயிருள்ளவர்களின் உலகத்தைவிட நிறமாக இருக்கும் ஓர் ஊரைக் கடந்து, கடைசியில் பாட்டும் பனியுமாக முடிவது கண்ணுக்கு நல்ல பயணம்.

பேய்களுக்குப் பிள்ளைகள் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. அவர்களை உலுக்குவது ஸ்பார்க்கி அடிபடும் இடம். வீட்டில் அண்மையில் நாயோ பூனையோ செத்திருந்தால் 'ஃபிராங்கன்வீனி'யைக் கொஞ்ச காலம் தள்ளிப் போடுங்கள். முடிவில் ஊர்ச்சனம் தங்கள் கார் பற்றரிகளை எல்லாம் வயரால் இணைத்து ஸ்பார்க்கியை மறுபடி எழுப்புகிறது. அப்படிச் செய்தால் எங்கள் நாயும் வருமா என்று பிள்ளை கேட்கும். கேட்டது. எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் சோறு வைத்த ஒரு வெள்ளை நாய் இருந்தது. மருமகன் களியில் செய்தது அதைத்தான், இடது காதில் கறுப்புப் புள்ளியோடு. வராது தம்பி என்று சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, போனை எடுத்து அந்த ஐந்து நொடியை மறுபடி போட்டான்.